பலூன் கடைத் துப்பாக்கி

கடலோரத் திடலில் ராட்டினம் சுற்றாத நாள்கூட உண்டு. பலூன் கடை திறக்காத நாள் கிடையாது. தூறல் விழுந்தால் முன்பக்கத் தார்ப்பாயைப் பாதி இறக்கிவிட்டு, அதற்குக் கீழே குனிந்து நின்று சுடச் சொல்வார் டுமீல். டுமீல் என்பது திடல் வைத்த பெயர். மனிதர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிகம். பெயர் மட்டும்தான் சத்தம்.

அந்தக் கடை இப்போது மூடிக் கிடந்தது. தார்ப்பாய் தரைவரைக்கும் இறங்கி, காற்றில் வயிறு உப்பி உப்பி அடங்கியது. ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிக்கிறவர், மோதும் கார்களைத் துடைக்கிறவர் என்று எல்லோரும் வேலைக்கு நடுவில் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

காற்றுத் துப்பாக்கி பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. குழலைக் கீழ்நோக்கி மடித்தால் உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அமுக்கும். அமுங்கின ஸ்பிரிங்கை ஒரு சின்னக் கொக்கி பிடித்துக்கொள்ளும். மடிந்த குழலின் வாயில் குண்டை வைத்து, குழலை நிமிர்த்தி மூடி, டிரிகரை இழுத்தால் கொக்கி விடும், பிஸ்டன் பாயும், காற்று குண்டைத் தள்ளும். டுமீல் அன்று மதியம் குழலை மடித்து, துப்பாக்கியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, கட்டை விரலால் குண்டை உள்ளே அழுத்திக்கொண்டிருந்தார். டிரிகரை யாரும் தொடவில்லை. கொக்கி தானாக விட்டது. குழல் அறைந்து மூடியது. வலது கட்டை விரலின் நுனி நகத்தோடு போய்விட்டது.

சுட வந்திருந்த குடும்பம் அலறிக்கொண்டு ஓடியது. திடல் மேனேஜர் குடையை மடக்காமலே ஓடிவந்து, தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கெட்டவர் இல்லை. ஆனால் மறுநாள் டுமீலின் மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு அவர் விரல். நாளைக்கு எவனோ பெத்த புள்ளையோட விரல் போச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன், சொல்லும்மா. சரி பண்ணி என் கண்ணு முன்னாடி காட்டுங்க. லீவு ஆரம்பிக்கறதுக்குள்ள காட்டணும். இல்லேன்னா அந்த இடத்தை செல்போன் கவர் விக்கிறவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"காட்டறோம் சார்" என்றாள் அவள். இரண்டு துப்பாக்கிகளையும் பழைய போர்வையில் சுற்றி, தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

திடலில் அவளைப் பலூன்காரம்மா என்பார்கள். காலையில் பலூன் ஊதி, பலகையில் வரிசையாகக் குத்துவது அவள் வேலை. மதியம் கணவர் சாப்பிட்டுக் கண்ணயரும்போது கடையில் நிற்பதும் அவள்தான். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு குண்டைப் போட்டு அவளே சுட்டுக் காட்டுவாள். ஒரு பெண்பிள்ளை சுட்டு பலூன் வெடித்தால், அதைப் பார்த்த ஆண்பிள்ளை எவனும் சும்மா தாண்டிப் போக மாட்டான்.

வீடு ஒரு சலவைக் கடைக்கு மேலே, ஒற்றை அறை. கீழே இஸ்திரிப் பெட்டிகள் ஓடும்போது தரை இளஞ்சூடாக இருக்கும். மழைக்காலத்தில் அது சுகம். அந்தச் சூட்டில் பாயை விரித்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, டுமீல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வை மூட்டை தரையில் இறங்கிய சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை.

அவருடைய அக்கா திடலில் டீ வண்டி வைத்திருந்தாள். தம்பிக்கு அடிபட்ட நாளிலிருந்து காலையில் கெட்டிலில் டீயும் நாலு பன்னும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு" என்று அன்று ஆரம்பித்தாள். "என் வண்டியில ரெண்டு பேர் நிக்க இடம் இருக்கு. நீ டீ ஆத்த வேணாம். பன்னை எடுத்துக் குடு, போதும். உன் பொண்டாட்டி பாத்திரத்தைப் பாத்துப்பா. அந்தப் பீரங்கியை எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடு."

டுமீல் முட்டையைப் பிட்டுக்கொண்டே, "அதான் நானும் நினைக்கறேன்" என்றார்.

பலூன்காரம்மா அடுப்படியில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். "எதை நினைக்கறீங்க?"

"கடையை விட்றலாம்னு."

"எப்பலேருந்து?"

அவர் முட்டையின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார். அக்காதான் சொன்னாள். "எப்பலேருந்து நினைச்சா என்னம்மா. விரல் போனவன் நினைக்கறான். நியாயமாத்தானே இருக்கு."

"டீ நல்லா இருக்கு அண்ணி" என்றாள் பலூன்காரம்மா. "நீங்க கூப்பிட்டதும் சந்தோஷம். ஆனா நாங்க வரலை. உங்க வண்டியில பாலே ஒரு ஆள் அளவுக்குத்தான் வருது. நாங்க ரெண்டு பேரும் வந்து நின்னா, மூணு பேரும் சேர்ந்து டீயைக் குடிச்சுக்க வேண்டியதுதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அப்ப என்னதான் பண்ணப்போற?" என்றாள்.

"பிரிக்கப்போறேன்."

"யாரை?"

"துப்பாக்கியைத்தான். உங்க தம்பியை இல்ல."

*

ராட்டினக் குதிரைகளுக்குக் கால் ஒட்டிக்கொடுக்கும் தச்சர் ஒருவர் திடலில் இருந்தார். அவரிடம் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புக் கிளாம்ப் உண்டு. பலகைகளை ஒட்டி இறுக்கிப் பிடிக்க வைப்பது. தூறலில் நனைந்துகொண்டே அதை வாங்கிவந்தாள். துப்பாக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் சும்மா இருக்கும்போதே பாதி அமுங்கித்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கணவர் அதைப் பிரிக்கும்போது, குழல் முனையைத் தரையில் ஊன்றி, பின்பக்கத்து இரும்புக் கட்டையை நெஞ்சால் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆணியைத் தட்டுவார். அவருக்கு நெஞ்சு அகலம். அவளுக்கு அந்த அகலமும் இல்லை, அந்த அவசரமும் இல்லை.

ஜன்னல் ஓரத்தில் சாக்கை விரித்தாள். குழலை மடித்துப் பார்த்து, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூடினாள். பக்கத்துத் திருகுகளைக் கழற்றியதும் மரக்கட்டை தனியாக வந்தது. பிஸ்டனும் ஸ்பிரிங்கும் இருக்கும் இரும்பு உருளையை வெறும் உடம்போடு பார்க்கச் சங்கடமாக இருந்தது, யாரையோ உடை மாற்றும்போது பார்த்துவிட்ட மாதிரி. கிளாம்பில் நீளவாக்கில் வைத்துத் திருகினாள். பின்கட்டையைப் பிடித்திருக்கும் ஆணியின் மேல் துளைக்கம்பியை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

"நிறுத்து."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர்தான் சொன்னார். திரும்பாமலே சொன்னார்.

"இன்னும் ஒரு சுத்துத் திருகு. ஆணி மேல பாரம் இருக்கு. இப்பத் தட்டினா கட்டை பறந்து வந்து மூஞ்சியில அடிக்கும்."

"பாரம் இருக்குன்னு படுத்துக்கிட்டே எப்படித் தெரியும்?"

"நீ சுத்தியல எடுத்ததுமே தெரியும். கிளாம்ப் முனகவே இல்லையே. முனகணும்."

அவள் இன்னொரு சுற்றுத் திருகினாள். இரும்பு லேசாக முனகியது. ஆணியை விரலால் அசைத்தாள், அசைந்தது. ஒரே தட்டில் வெளியே விழுந்தது. அதன் பிறகு கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். கட்டை மெதுவாகப் பின்னால் வந்தது, அதன் பின்னால் ஸ்பிரிங் வந்தது, வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளம் இவ்வளவு சின்ன இடத்துக்குள் எப்படி இருந்தது என்று தோன்றியது அவளுக்கு.

கூடவே நாற்றம் வந்தது. கருகின எண்ணெய். ஸ்பிரிங்கை உருவியதும் கறுப்புக் கூழ் சாக்கில் வழிந்தது.

"என்னங்க இது, கசாப்புக் கடை மாதிரி."

அவர் இப்போது திரும்பிப் படுத்தார். எழுந்து உட்கார்ந்தார். ஒரு கையை ஊன்றி, நகர்ந்து நகர்ந்து சாக்குப் பக்கம் வந்தார்.

"உப்புக் காத்துல துரு ஏறும்னு தினமும் எண்ணெய் விட்டேன்" என்றார்.

"வெளியில துரு ஏறும். வெளியில துணியால தடவணும். உள்ள எதுக்கு ஊத்தினீங்க?"

"உள்ளயும் ஏறுமே."

"உருளைக்குள்ள எண்ணெய் நின்னா அது தீப்பிடிக்குங்க. ஒவ்வொரு சூட்டுக்கும் புகை வந்துச்சே, அது குண்டோட புகைன்னா நினைச்சீங்க? நம்ம துப்பாக்கியில வெடிமருந்தே கிடையாது. புகைக்கு அங்க என்ன வேலை?"

அவர் ஸ்பிரிங்கை இடது கையில் வாங்கி, தரையில் உருட்டிப் பார்த்தார். நேராக உருளாமல் நொண்டிக்கொண்டு உருண்டது. "வளைஞ்சிருக்கு" என்றார். "வெடிச்சு வெடிச்சு வளைஞ்சிருக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே கூட்டம் வந்துச்சு. துப்பாக்கிக்கு பலம் கூடியிருக்குன்னு நினைச்சேன்."

"பலம் இல்ல, காய்ச்சல்" என்றாள் அவள்.

கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, பிஸ்டனைக் கழுவினாள். கம்பியில் துணி சுற்றி உருளையைத் துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது. வேறு துணி. அதுவும் கறுப்பு. சலவைக் கடைக்காரர் கொடுத்திருந்த கிழிந்த தலையணை உறை முழுவதும் தீர்ந்தது. பிஸ்டன் தலையில் இருந்த தோல் வாஷர் விளிம்பு கருகி, தொட்டால் உதிர்ந்தது. புது வாஷர் ஒன்று தகர டப்பாவில் இருந்தது. அதைச் சிலிக்கான் எண்ணெயில் ஊறப் போட்டாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் எண்ணெயா?"

"தோலுக்கு வேணும். காஞ்சா காத்தைப் பிடிக்காது. இந்த எண்ணெய் சீக்கிரத்துல எரியாதுன்னு குண்டுக் கடைக்காரரு குடுத்தாரு. நீங்கதான் அதைத் தொடவே இல்ல. ஊறினதும் பிழிஞ்சுடுவேன். தோல் குடிச்சது போதும், மிச்சத்தை உருளைக்குள்ள எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது."

*

டிரிகர்ப் பெட்டியைப் பிரித்து, கொக்கியை வெளியே எடுத்தாள்.

கொக்கி என்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு இரும்பு. அதன் விளிம்பு கத்தி மாதிரி சதுரமாக இருக்க வேண்டும். அந்த விளிம்புதான் பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது. இங்கே அது மழுங்கி, வழவழப்பாக, உருண்டையாக இருந்தது. தேய்ந்து மழுங்கியது அல்ல. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தன. அரத்தால் தேய்த்த கோடுகள்.

அவள் அதை உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தூறல் வலுத்து, தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"இது நீங்க ராவினதா?"

"ம்."

"எதுக்கு?"

"டிரிகர் கனமா இருந்துச்சு."

"எப்பவும்தான் கனமா இருந்துச்சு. இத்தனை வருஷமா இல்லாத கனம் இப்ப என்ன வந்துச்சு?"

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "மழை ஆரம்பிச்சதும் உனக்கு விரல் கணு வீங்கிக்கும். டிரிகர் இழுக்க முடியலைன்னு சொன்ன. ரெண்டு தரம் சொன்ன."

அவள் கொக்கியை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "சொன்னேன்" என்றாள். "வலிக்குதுன்னு சொன்னேன். கொக்கியை ராவி வைங்கன்னு சொன்னேனா?"

"லேசாத்தான் ராவினேன். நல்லா இருந்துச்சு. தொட்டதும் சுட்டுச்சு. நீகூட இப்பத்தான் கை நோகலைன்னு சொன்ன."

"தொட்டதும் சுட்டுச்சு. அப்புறம் தொடாமலே சுட்டுடுச்சு."

"தெரியும்."

"ரெண்டு துப்பாக்கியிலயுமா?"

"ரெண்டுலயும்."

கீழே இஸ்திரிப் பெட்டி ஒன்று மேசையில் அடித்து அடித்துத் தேய்க்கும் சத்தம் கேட்டது. அவர் தலையை நிமிர்த்தாமல் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"அன்னைக்கு மதியம் நீ நிக்க வேண்டிய நேரம். பல் வலிக்குதுன்னு டாக்டர்கிட்டப் போயிட்ட. அதனால நான் நின்னேன். உன் கை சின்னக் கை. உன் விரலை நான் பார்த்திருக்கேன்ல, எனக்குத் தெரியும், அந்த ஓட்டையில நீ விரலை எவ்வளவு உள்ள விடுவேன்னு. எனக்கு நுனியோட போச்சு. உனக்கு நுனியோட போயிருக்காது. ஆஸ்பத்திரியில தையல் போடறப்ப எனக்கு அதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வலியே தெரியல. நான்தான் ராவினேன், நான்தான் அதை உன் கையில குடுத்தேன். அதனால சொல்றேன், கடை வேணாம். இனிமே குண்டு போட என்னால முடியாது. நீதான் போடணும். அதைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால முடியாது."

அவள் கொக்கியைச் சாக்கின் ஓரத்தில் வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள், விரல் விரலாக.

"முடிச்சாச்சா?" என்றாள்.

"என்னது?"

"பேச்சு."

"ம்."

"அப்ப நான் சொல்றேன். நீங்க எனக்காகத்தான் பண்ணீங்க. ஆனா என்னைக் கேக்காம பண்ணீங்க. இப்பக் கடையை விட்றதும் எனக்காகத்தான். அதையும் கேக்காமத்தான் பண்றீங்க. அண்ணிகிட்டச் சொல்லிட்டீங்க, எங்கிட்டச் சொல்லல. எனக்காக இனிமே எதுவும் பண்றதா இருந்தா, முதல்ல எங்கிட்டக் கேளுங்க."

அவர் கட்டில் பிரிந்திருந்த நூலை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் விரல் என்கிட்டத்தான் இருக்கு" என்றாள். "அதை எப்படிக் காப்பாத்தறதுன்னு நான் பாத்துக்கறேன். கட்டில் அடியில அந்தச் செத்த துப்பாக்கி கிடக்குதே, அதோட கொக்கியையும் ராவிட்டீங்களா?"

"இல்ல. அது குழல் வளைஞ்சப்பவே மூட்டை கட்டினது."

"எடுங்க."

*

செத்த துப்பாக்கியின் டிரிகர்ப் பெட்டி துரு வாசனையோடு வந்தது. கொக்கியின் விளிம்பு, நகத்தை வைத்தால் நகம் சீவும் அளவுக்குக் கூராக, சதுரமாக இருந்தது. ஸ்பிரிங்கும் நேராக உருண்டது. இரண்டு துப்பாக்கிக்குப் பண்ண முடியாது, ஒன்றுக்குப் பண்ணலாம். "ஒண்ணு போதும். இன்னொண்ணு தூங்கட்டும்" என்றாள்.

அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். சில இடத்தில் அவள் செய்துவிட்டு அவர் சரி என்றார். ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளிலும் கத்தி மாதிரி நின்ற ஓரத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினாள். இல்லையென்றால் ஒவ்வொரு சூட்டுக்கும் உள்ளே சுரண்டிக்கொண்டே இருக்கும். பிஸ்டனின் பக்கங்களில் கறுப்புக் கிரீஸை விரல் நுனியில் தொட்டு, கண்ணுக்கு மை இடுகிற அளவுக்குத் தடவினாள். ஸ்பிரிங்குக்குக் கெட்டிக் கிரீஸ், அதுவும் துணியால் வழித்துவிட்டு மிச்சம் ஒட்டுகிற அளவு. குழல் மடியும் மூட்டில் ஒரு பொட்டு. கொக்கியில் எதுவும் இல்லை.

"கொக்கிக்கு ஒண்ணும் வேணாமா?" என்று அவர் சும்மா கேட்டார்.

"அது வழுக்கக் கூடாத இடம்" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

மாலைக்குள் பூட்டி முடித்தாள். சலவைக் கடையின் அழுக்குத் துணி மூட்டை ஒன்றை மூலையில் நிறுத்தி, அதற்கு முன்னால் தடிமனான பலகையைச் சாய்த்து, குண்டைப் போட்டுச் சுட்டாள். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். குழல் வாயில் நீலப் புகை. கீழேயிருந்து சலவைக்காரர், "யம்மா, மேல என்ன கலவரம்?" என்று குரல் கொடுத்தார்.

அவள் துப்பாக்கியை இறக்கினாள். முகம் விழுந்துவிட்டது. நாள் முழுவதும் குனிந்த இடுப்பு அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

"மண்ணெண்ணெய்" என்றார் டுமீல். "கழுவினோம். காய விடல. உருளைக்கு உள்ள எங்கயோ தங்கியிருக்கு."

"திரும்பப் பிரிக்கணும்."

"நாளைக்குப் பிரிக்கலாம். சோத்தைச் சாப்பிடு."

மறுநாள் காலையில் அக்கா கெட்டிலோடு வந்தபோது, தம்பி மனைவி மறுபடி சாக்கில் உட்கார்ந்திருந்தாள். கிளாம்ப் முனகிக்கொண்டிருந்தது. தம்பி படுத்திருக்கவில்லை. இடது கையால் விளக்கைப் பிடித்து உருளைக்குள் காட்டிக்கொண்டிருந்தான்.

"நேத்துத்தானே பிரிச்ச?" என்றாள் அக்கா.

"இன்னைக்கும் பிரிக்கறேன் அண்ணி. நாளைக்கும் வேணும்னா பிரிப்பேன். அங்கயே வைங்க டீயை, கையெல்லாம் கிரீஸு."

அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பன்னைப் பிட்டு டீயில் தோய்த்து, அவள் வாயில் வைத்தாள். "மென்னு முழுங்கு. பிடிவாதத்துக்கும் தெம்பு வேணும்ல."

இந்தத் தடவை கழுவிய எல்லாவற்றையும் சூடான தரையில் பரப்பி, இஸ்திரிச் சூட்டில் நன்றாகக் காயவிட்டாள். உருளையை மோந்து பார்த்தாள். அவரும் மோந்து பார்த்தார். அக்காவையும் மோந்து பார்க்கச் சொன்னாள். "இரும்பு வாசனைதான் அடிக்குது" என்று அக்கா சொன்ன பிறகுதான் பூட்டினாள். முதல் குண்டுக்கு மெல்லிய புகை இழை ஒன்று வந்தது. அடுத்ததற்கு அதுவும் இல்லை. சத்தம் மாறியிருந்தது. வெடிக்கவில்லை, தடித்த புத்தகத்தை மூடியது போல 'தொப்'பென்று அடங்கியது.

"இந்தச் சத்தத்துக்குக் கூட்டம் வருமா?" என்றாள் அக்கா.

"வராட்டி நான் கத்திக் கூப்பிடறேன்" என்றாள் பலூன்காரம்மா.

*

மேனேஜர் குடையோடுதான் வந்தார். மழை விட்டிருந்தது. திடல் முழுக்க நனைந்த மணல் வாசனை. தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியதும், வேலை இல்லாதவர்களும் வேலை இருந்தவர்களும் வந்து கூடிவிட்டார்கள்.

"குண்டு யார் போடப்போறா?" என்றார் மேனேஜர்.

எல்லோரும் டுமீலைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். "அவதான்" என்றார்.

அவள் துப்பாக்கியை எடுத்தாள். மரக்கட்டையின் அடியை இடுப்பில் ஊன்றி, இடது கையால் குழல் முனையைப் பிடித்து மடித்தாள். உள்ளே 'க்ளக்'கென்று கொக்கி விழுந்தது. மடித்த கையை அவள் எடுக்கவில்லை. குழலை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குண்டை எடுத்து வைத்து, நகத்தால் ஒரு தள்ளு. விரலை முழுக்க எடுத்த பிறகுதான் குழலை நிமிர்த்தினாள்.

"கவனிச்சீங்களா சார்? கொக்கி விட்டாலும் என் கை குழலை விடாது. குழலைப் பிடிக்காம யாரும் குண்டு போடக் கூடாது. வர்றவங்க கையில மூடின துப்பாக்கியைத்தான் குடுப்பேன். அவங்க மடிக்கவே வேணாம்."

"அது சரி. கொக்கி விடாதுன்னு எப்படி நம்பறது?"

அவள் துப்பாக்கியைப் பலகையை நோக்கி நீட்டியபடி, தச்சரிடம் வாங்கிவந்த ரப்பர்ச் சுத்தியலை மேனேஜரிடம் கொடுத்தாள். "மரக்கட்டையில அடிங்க."

மேனேஜர் பூனையைத் தட்டுவது போல ஒரு தட்டுத் தட்டினார்.

"சாப்பிட்டுட்டுத்தானே வந்தீங்க சார்?" என்றாள் டீ அக்கா கூட்டத்திலிருந்து.

சிரிப்புக்கு நடுவில் மேனேஜர் ஓங்கி அடித்தார். மேலே அடித்தார், பக்கத்தில் அடித்தார், குடையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் அடித்தார். துப்பாக்கி அவள் கையில் அதிர்ந்தது. சுடவில்லை. டுமீல் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில் அவள் துப்பாக்கியைத் தோளில் வைத்து, வீங்கின கணுவோடு டிரிகரை இழுத்தாள். கனமாகத்தான் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். 'தொப்.' குண்டு பலகையில் போய்ப் பதிந்தது.

மேனேஜர் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு துப்பாக்கிதானா?"

"இன்னொண்ணுக்குப் புதுக் கொக்கி வரட்டும். அதுவரைக்கும் ஒண்ணுதான்."

"சரி, நடத்துங்க" என்று சொல்லிவிட்டு, குடையை வாங்கிக்கொண்டு போனார்.

லீவு ஆரம்பித்த முதல் மாலையில் கூட்டம் ராட்டினத்தைச் சுற்றி வளைந்து பலூன் கடைவரைக்கும் வந்து நின்றது. துப்பாக்கி ஒன்றுதான் என்பதால் வரிசை நகரவில்லை. "டிரிகர் ரொம்பக் கனமா இருக்கே" என்றவர்களிடம், "கனமாத்தான் இருக்கும், மூச்சைப் பிடிச்சு இழுங்க" என்றாள். அவள் குண்டு போட, டுமீல் பலகைப் பக்கம் நின்று பலூனைப் பார்த்துக்கொண்டார். ஊதுவது சுலபமாக இருந்தது. முடிச்சுப் போடுவதில்தான் விஷயம் இருந்தது. கட்டை விரல் நுனி இல்லாத கையில் பலூனின் கழுத்து வழுக்கி வழுக்கி ஓடியது. ஒன்று கையைவிட்டுப் பறந்து, சீறிக்கொண்டே கூட்டத்துக்குள் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னொன்றை எடுத்து ஊதினார்.

வரிசையில் முன்னால் நின்ற இளைஞன், பக்கத்தில் நின்ற தன் மனைவியிடம் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு, பலூன்காரம்மாவைக் கூப்பிட்டான். "அக்கா, பலகையில இன்னும் பலூன் இருக்கே. நான் சுடறேன், அவர் பாட்டுக்கு ஓரமா நின்னு கட்டட்டும்."

"ஆள் முன்னாடி நிக்கறப்ப குழல் மடியாது தம்பி."

"அவருக்கு முடியலையேக்கா. நீங்க போய்க் கட்டிக் குடுத்துட்டு வந்துடுங்களேன்."

அவள் டுமீலைப் பார்த்தாள். அவர் பலூனின் கழுத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுட்டு விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. அவளுக்குப் போய் வாங்கிக் கட்டிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. ஒரே நொடி வேலை.

"ஏங்க" என்று கூப்பிட்டுக் கேட்டாள். "நான் வரட்டுமா?"

அவர் வாயில் பலூனோடு தலையை ஆட்டினார். வேண்டாம்.

"வேணாங்கறாரு" என்றாள் அந்த இளைஞனிடம். "இருங்க."

குண்டு போடாத துப்பாக்கியை மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வரிசை முணுமுணுத்தது, பிறகு முணுமுணுப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்தது. முடிச்சு ஒரு தரம் அவிழ்ந்தது. மறுபடி சுற்றினார். இழுத்தார். பல்லை எடுத்தார். முடிச்சு நின்றது.

அதை ஆணியில் கோணலாக மாட்டிவிட்டு, டுமீல் பலகையைவிட்டு நன்றாகத் தள்ளி வந்து ஓரமாக நின்றார்.

"ம், மடி" என்றார்.

அவள் குழலைப் பிடித்து மடித்தாள்.